கோயில் வளவுக்குக் கீழே என்ன கிடக்கிறது: வெட்டாமல் பார்க்க முடியுமா?

மூதூர்ப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர்களுடைய ஊர்க் கோயிலில் வசந்த மண்டபம் கட்டப் போகிறார்களாம். பதினாறு தூணுக்குக் கிடங்கு வெட்ட வேண்டும். முன்பு கிணறு வெட்டியபோதும் மதில் வைத்தபோதும் பெரிய பெரிய செங்கல் வந்திருக்கிறது. "பழைய கோயில் இதுக்குக் கீழதான் கிடக்கு" என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்களாம். இப்போது ஒருவர் வந்து, தன்னிடம் ஸ்கேனர் இருக்கிறது, நிலத்துக்குக் கீழே உள்ளதைப் படமாகவே காட்டுவேன், பொன் வெள்ளி கிடந்தால் அதையும் சொல்லுவேன் என்கிறார். இப்படிப் பார்க்க உண்மையிலேயே முடியுமா, எந்தக் கருவி நல்லது, யாரிடம் போவது என்பதுதான் தம்பியின் கேள்வி.

முடியும். ஆனால் அந்த ஆள் சொல்கிற மாதிரி அல்ல.

நான் புவிப்பௌதிகம் படித்து, குழாய்க்கிணற்றுக்கு இடம் பார்க்கிற வேலையில் தொடங்கி, பிறகு தொல்லியல் குழுக்களோடு சேர்ந்து நிலம் அளந்தவன். ஊர் திருகோணமலைதான். இந்த மண்ணில் கருவியைத் தூக்கிக்கொண்டு நடந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எந்தக் கருவிக்கும் கோயில் தெரியாது, செங்கல் தெரியாது, சிலை தெரியாது. பக்கத்து மண்ணுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் தெரியும். ஒரு கருவி காந்தத்தில் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கும். இன்னொன்று மின்சாரம் எங்கே இலேசாக ஓடுகிறது, எங்கே தடைப்படுகிறது என்று பார்க்கும். வேறொன்று ரேடியோ அலை எங்கே பட்டுத் திரும்புகிறது என்று பார்க்கும். புதைந்து கிடப்பதும் சுற்றியுள்ள மண்ணும் அந்த ஒரு குணத்தில் ஒன்றாக இருந்துவிட்டால், கீழே ஆறடிச் சுவர் நின்றாலும் படத்தில் ஒன்றும் வராது. அதனால் எந்தக் கருவி என்று கேட்பதற்கு முன், நாங்கள் தேடுவது என்ன, எங்கள் மண் என்ன என்று கேட்க வேண்டும்.

எங்கள் மாவட்டத்தில் பழைய கட்டடம் என்றால் பெரும்பாலும் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, கருங்கல் தூண், கல் அத்திவாரம். அதிலும் முழுதாகக் கிடப்பது குறைவு. நல்ல கல்லை யாராவது எடுத்துப் போயிருப்பார்கள். 1622 இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த பிறகு அந்தக் கல் எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். திருகோணமலைக் கோட்டை வாசலில் இரட்டைக் கயல் பொறித்த கல்லும் "முன்னே குளக்கோட்டன்" என்று தொடங்கும் கல்வெட்டும் இன்றும் நிற்கின்றன. கொஞ்சம் கடலுக்குள் போனது. 1956 இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும், கோயில் நிற்கும் சுவாமி மலைக்கடியில் மூழ்கியபோது வேலைப்பாடுள்ள தூண்களைக் கண்டதும் அதைத்தான். (கடலடிக்கு வேறு கருவிகள்: படகுக்குப் பின்னால் இழுத்துப் போகும் பக்கவாட்டுச் சோனார், கடல் காந்தமானி. ஆனால் சுவாமி மலை போன்ற இடத்தில் தானாக உடைந்து விழுந்த பாறையையும் கோயில் கல்லையும் சோனார் பிரித்துச் சொல்லுவது கடினம். கடைசியில் சுழியோடியின் கண்தான் வேண்டும்.)

கல்லை எடுத்துப் போனாலும் அத்திவாரம் இருந்த பள்ளத்தை எடுத்துப் போக முடியாது. அந்தப் பள்ளத்தில் பிறகு வந்து விழுந்த மண் இளகலாக இருக்கும், சுண்ணாம்புப் பொடியும் செங்கல் துண்டும் கலந்திருக்கும், ஈரத்தை வேறு மாதிரிப் பிடித்து வைக்கும். கல்லே இல்லாத சுவரின் வரைபடத்தைக்கூட அப்படித்தான் கருவி எடுத்துத் தருகிறது. இந்த வேலையில் எனக்கு இன்னும் அலுக்காத விஷயம் இதுதான்.

சரி, கருவிகளுக்கு வருவோம்.

காந்தமானி. இரண்டு உணரிகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாக, அரை மீற்றர் அல்லது ஒரு மீற்றர் இடைவெளியில் பொருத்திய தடி. அதைப் பிடித்துக்கொண்டு நூல் கட்டிய கோட்டில் ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். செங்கல், ஓடு, பானை எல்லாம் சூளையில் வெந்தவை. களிமண்ணில் உள்ள இரும்பு ஒட்சைட்டு நன்றாகச் சூடேறி ஆறும்போது, அந்த நேரத்துப் பூமிக் காந்தத்தின் திசையை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். சூளையும் அடுப்பும் எரிந்த தரையும் அதனால்தான் படத்தில் பளிச்சென்று வரும். 1958 இல் இங்கிலாந்தின் வாட்டர் நியூட்டனில் மார்ட்டின் எய்ட்கன் காந்தமானியோடு நடந்து உரோமர் காலச் சூளைகளைக் கண்டுபிடித்த பிறகுதான் தொல்லியலில் இந்த முறைக்குப் பெயர் வந்தது.

எவ்வளவு நுணுக்கமான வேலை என்று ஒரு கணக்குச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40,000 நனோரெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). பழைய குழி ஒன்று அதில் ஐந்தோ பத்தோ நனோரெஸ்லா மாற்றத்தைத்தான் கொடுக்கும். ஒரு முறை நாங்கள் அளந்த காணியில் படம் முழுவதும் வரிவரியாக வந்தது. போகும் வரி கறுப்பு, வரும் வரி வெள்ளை. கருவி பழுது என்று நினைத்து ஒரு காலை முழுதும் பார்த்தோம். கடைசியில், கருவி பிடித்து நடந்த மாணவனின் சாரத்து மடிப்பில் ஒரு ஊக்கு குத்தியிருந்தது. வீட்டில் அம்மா குத்தி அனுப்பிய ஊக்கு. அவன் திரும்பி நடக்கும்போது ஊக்கும் திரும்பியது, படமும் திரும்பியது. அன்றிலிருந்து தொலைபேசி, பெல்ட், சாவிக்கொத்து, கொண்டை ஊசி எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் காணிக்குள் கால் வைப்போம்.

ஒரு ஊக்குக்கே இந்தப் பாடு என்றால், எங்கள் வளவுகளில் கிடக்கிற இரும்பை யோசித்துப் பாருங்கள். முட்கம்பி வேலி, தகரக் கொட்டில், கூரை ஆணி. அதற்கு மேல் முப்பது வருட யுத்தம். வெற்றுத் தோட்டாக் கோது முதல் ஷெல் துண்டு வரை மண்ணுக்குள் கிடக்கிறது. படத்தில் தனியாக ஒரு பெரிய இரும்புப் புள்ளி வந்தால் அலவாங்கைத் தூக்கிக்கொண்டு போய்க் கிண்டிப் பார்க்க வேண்டாம். கண்ணிவெடி அகற்றி முடித்த நிலமாக இருந்தாலும் வேண்டாம். பொலிசுக்கு அறிவித்துவிட்டு விலகி நில்லுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்னொரு விஷயம் பெரும்பாலான கையேடுகளில் ஒரு வரிக்கு மேல் இருக்காது. அந்தக் கையேடுகள் ஐரோப்பிய நிலத்தை மனதில் வைத்து எழுதியவை. அங்கே பூமிக் காந்தம் செங்குத்துக்குக் கிட்டவாக நிலத்துக்குள் இறங்குகிறது. எங்களுக்குக் காந்த நடுக்கோடு மிகக் கிட்டே. காந்த ஊசியைத் தாராளமாகத் தொங்கவிட்டால் கிட்டத்தட்டப் படுத்த மாதிரியே, வடக்குத் தெற்காக நிற்கும். இதனால் இரண்டு மாற்றம் வருகிறது. கிழக்கு மேற்காக ஓடும் சுவர் படத்தில் ஒரு கறுப்புக் கோடும் ஒரு வெள்ளைக் கோடுமாக இரட்டையாக வரும். சுவர் இருப்பது அந்த இரண்டுக்கும் நடுவில். ஐரோப்பியப் பழக்கத்தில் பார்ப்பவர் வலுவான கோட்டின் மேலேயே சுவரைக் குறித்துவிடுவார். இரண்டாவது மாற்றம் இன்னும் மோசம். வடக்குத் தெற்காக ஓடும் நீளச் சுவர் அநேகமாகத் தெரியவே தெரியாது. இரண்டு முனையில் மட்டும் ஏதோ தெரியும், நடுவில் வெறுமை.

கிழக்குப் பார்த்த கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். மூலஸ்தானத்தின் பின்சுவரும் முன்சுவரும் வடக்குத் தெற்கு, பக்கச் சுவர் இரண்டும் கிழக்கு மேற்கு. காந்தமானி மட்டும் ஓட்டினால் பாதிக் கட்டடம் காணாமல் போகும். படத்தைப் பார்த்தவர் "இது இரண்டு சமாந்தரச் சுவர், ஏதோ பாதை போல இருக்கிறது" என்று எழுதிவிட்டுப் போவார். தெரியாமல் செய்கிற பிழைதான், ஆனால் அறிக்கையில் ஏறிய பிறகு அதுவே வரலாறாகிவிடும்.

நடுக்கோட்டுக்குக் கிட்டே இருப்பதில் இன்னொரு தொல்லை. பகலில் வானத்தின் உயரத்தில், ஏறக்குறைய 100 கிலோமீற்றரில், இந்தக் கோட்டை ஒட்டி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. அதனால் மத்தியான நேரத்தில் காந்தப்புலம் பல பத்து நனோரெஸ்லா, சில நாள் நூறுக்கு மேலும் ஏறி இறங்கும். ஒற்றை உணரிக் கருவியைக் கொண்டு காலையில் பாதிக் காணியும் மத்தியானம் மீதியும் அளந்தால் இரண்டு பாதியும் பொருந்தாது. ஒரு இடத்தில் அசையாமல் இன்னொரு கருவியை வைத்துக் கழிக்க வேண்டும். இரட்டை உணரித் தடியில் மேலே உள்ளதும் கீழே உள்ளதும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் இந்தப் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும்.

குச்சவெளி தாண்டிப் புல்மோட்டைப் பக்கமாக உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. இல்மனைற்று என்ற இரும்புக் கனிமம் நிறைந்த கறுப்பு மணல் கிடக்கிற கரையில் காந்தமானிப் படம் மணல் எங்கே அடுக்கியிருக்கிறது என்பதைத்தான் காட்டும். அங்கே அதை நம்பிக் காசு செலவழிக்க வேண்டாம்.

அடுத்தது மின்தடை அளவீடு. குழாய்க்கிணற்றுக்காக நாலு கம்பிக் கூர்களை நிலத்தில் குத்தி மின்சாரம் விட்டுப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். பௌதிகம் அதேதான். தொல்லியலில் இதை முதலில் பயன்படுத்தியவர் ரிச்சர்ட் அற்கின்சன், 1946 இல், இங்கிலாந்தின் டோர்செஸ்டரில். ஆனால் கிணறு பார்ப்பவரும் நாங்களும் தேடுவது வேறு. அவர் ஒரே இடத்தில் நின்று கூர்களை அகட்டிக்கொண்டே போய், ஆழத்தில் எங்கே தண்ணீர் என்று பார்க்கிறார். எங்களுக்கு ஆழம் முக்கால் மீற்றர், ஒரு மீற்றர் போதும், ஆனால் நிலம் முழுதும் அரை மீற்றருக்கு ஒரு அளவு வேண்டும். அரை மீற்றர் இடைவெளியில் இரண்டு கூர் பொருத்திய ஒரு சட்டம், தூரத்தில் அசையாமல் நிற்கும் இன்னும் இரண்டு கூர். சட்டத்தைத் தூக்கித் தூக்கிக் குத்திக்கொண்டு போவதுதான் வேலை. முதுகு வலிக்கும். அப்படியும் எனக்கு மிகவும் பிடித்த முறை இது. சுவர் எந்தத் திசையில் ஓடினாலும் பாரபட்சம் காட்டாது.

கிணறு பார்ப்பவரைக் கூப்பிட்டு, "அப்படியே பழைய கோயிலையும் பார்த்துவிடுங்கள்" என்று சொல்லிப் பலனில்லை. நாலு இடத்தில் அவர் எடுக்கும் அளவில் சுவர் வராது.

மின்தடையில் பருவம்தான் எல்லாம். மின்சாரம் ஓடுவது மண்ணின் ஈரத்தில். ஆவணி மாதம் கச்சான் காற்று அடித்து நிலம் பாளமாக வெடித்திருக்கும்போது கூர் இறங்காது, இறங்கினாலும் மின்சாரம் போகாது. ஒவ்வொரு கூரடியிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு திரிய வேண்டும். கார்த்திகை மார்கழியில் எல்லாம் ஊறிக் கிடக்கும், வித்தியாசமே இராது. மாரி முடிந்து மேல்மண் வடிந்து கீழே ஈரம் நிற்கிற மாசி, பங்குனிதான் நல்ல நேரம். அப்போது கருங்கல் அத்திவாரம் உயர்ந்த தடையாகவும் இளகல் மண் நிரம்பிய பள்ளம் தாழ்ந்த தடையாகவும் பிரிந்து நிற்கும். செங்கல் மட்டும் குழப்படிக்காரன். மணற்பாங்கான நிலத்தில் மணல் சீக்கிரம் வடிந்துவிடும், செங்கல் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். அப்போது சுவரே தாழ்ந்த தடையாக வந்து நிற்கும். கறுப்பு என்றால் கல், வெள்ளை என்றால் பள்ளம் என்று பாடமாக்கி வைத்தவர் இங்கே வழுக்கி விழுவார். மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்க்காமல் படத்தை வாசிக்கக் கூடாது.

பிறகு எல்லோரும் கேட்கிற ராடார். புல்வெட்டும் வண்டி போல உருட்டிக்கொண்டு போகிற பெட்டி. உள்ளிருந்து ரேடியோ அலை நிலத்துக்குள் போகும், எங்கே மண்ணின் குணம் மாறுகிறதோ அங்கே ஒரு பகுதி திரும்பி வரும். தொல்லியலுக்கு 250 முதல் 500 மெகாஹெர்ட்ஸ் வரையான அன்ரனாக்கள் தோதானவை. அதிர்வெண் கூடினால் நுணுக்கம் கூடும், ஆழம் குறையும். ஆழம் ஆழமாகப் படத்தைச் சீவி எடுத்துப் பார்க்கலாம் என்பதால் இது மற்ற இரண்டையும்விடக் கவர்ச்சியானது. சும்மாவும் இல்லை. 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் கோயில்களைத் திரும்பக் கட்டுமுன் டர்ஹாம் பல்கலைக்கழகத்தினரும் நேபாளத் தொல்பொருள் திணைக்களத்தினரும் அரண்மனைச் சதுக்கங்களில் ராடார் ஓட்டி, கீழே பழைய அத்திவாரம் எங்கே கிடக்கிறது என்று படம் போட்டார்கள். உங்கள் கேள்வியும் கிட்டத்தட்ட அதேதான், தம்பி.

ஆனால் ராடாரின் ஆழக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. கருவி அளப்பது ஆழத்தை அல்ல, அலை போய்த் திரும்பிய நேரத்தை. ஆழம் வேண்டுமானால் மண்ணில் அலை ஓடும் வேகம் தெரிய வேண்டும். காய்ந்த மணலில் அது ஒரு நனோ செக்கனுக்கு 15 சென்ரிமீற்றர் அளவு. ஈரமான மண்ணில் அதில் பாதி, சில வேளை அதற்கும் குறைவு. 20 நனோ செக்கனில் திரும்பி வந்த ஒரு பிரதிபலிப்பு, காய்ந்த மணல் என்று வைத்தால் ஒன்றரை மீற்றரில் இருக்கிறது. ஈர மண் என்று வைத்தால் முக்கால் மீற்றரிலேயே இருக்கிறது. உங்கள் தூண் கிடங்கு ஒரு மீற்றர் என்றால், முதல் கணக்கில் தப்பிவிடும், இரண்டாவது கணக்கில் பழைய சுவரை உடைத்துக்கொண்டு போகும். அதனால் "வேகத்தை எப்படி எடுத்தீர்கள்" என்று கேளுங்கள். தெரிந்த ஆழத்தில் ஒரு இரும்புக் கம்பியைப் புதைத்து அதன் மேல் ஓட்டிப் பார்த்தோம் என்றாலும், படத்தில் வரும் வளைவுகளைப் பொருத்திப் பார்த்தோம் என்றாலும் சரி. கருவியில் இருந்ததை அப்படியே விட்டோம் என்றால் சரியில்லை.

உப்புத் தண்ணீர் ராடாருக்குப் பகை. கடலோரத்தில் ஒரு காணியில் நாங்கள் இரண்டு நாள் உருட்டினோம். அரை மீற்றர் வரை அழகான படம், அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை, வெறும் இரைச்சல். உவர்த் தண்ணீர் அந்த மட்டத்தில் நின்றது. காணிக்காரரிடம் முதலே கிணற்றுத் தண்ணீரை வாங்கிக் குடித்துப் பார்த்திருந்தால் அந்த இரண்டு நாளும் மிஞ்சியிருக்கும். கொட்டியாரக் குடாவை ஒட்டியும் களப்போரங்களிலும் இதை முதலில் யோசியுங்கள். ஒட்டும் களியிலும் இதே கதைதான். சிவப்பு மண் மேட்டுக் காணியில் ஓரளவு போகும், மணற்பிட்டியில் நன்றாகவே போகும்.

உங்கள் வளவுக்கு நான் என்ன செய்வேன்? மண்டபம் வரப்போகும் இடத்தையும் சுற்றி ஐந்து மீற்றரையும் சேர்த்து 20 மீற்றருக்கு 20 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். முதலில் மின்தடை, அரை மீற்றருக்கு ஒரு குத்து. 1,600 அளவு வரும், ஒரு நாள் வேலை. கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்றால் அதற்கு மேல் ராடார், கால் மீற்றருக்கு ஒரு வரி, 80 வரி. அதுவும் ஒரு நாளுக்குள் முடியும். காந்தமானியைக் கோயில் வளவுக்குள் கொண்டுவர மாட்டேன். கொடித்தம்பத்தின் பித்தளை அதற்கு ஒன்றும் செய்யாது, ஆனால் இரும்புக் கேற், தகரப் பந்தல், கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பி, எல்லாம் சேர்ந்து படத்தை மூடிவிடும். வளவுக்கு வெளியே வெறும் காணி இருந்து, ஊர் அந்தக் காலத்தில் எங்கே இருந்தது, சூளை எங்கே இருந்தது என்று பார்க்க விரும்பினால் அங்கே அது ராசா.

அந்த ஸ்கேனர்காரரைப் பற்றி. பொன்னையும் தகரத்தையும் நிலத்துக்கு மேல் நின்று பிரித்துச் சொல்லும் ராடார் கிடையாது. உலோகம் எதுவானாலும் அலை ஒரே மாதிரித்தான் திரும்பும். கையில் பிடிக்கும் உலோகங்காட்டி ஒரு காசை ஒரு சாண் ஆழத்தில் காட்டினாலே பெரிய விஷயம். பத்தடிக்குக் கீழே பொன் என்று சிவப்பும் மஞ்சளுமாகப் படம் காட்டுபவர் உங்கள் ஆசையைத்தான் படம் பிடிக்கிறார். எனக்குத் தெரிந்த ஒரு வளவில் இப்படி ஒருவரை நம்பி இரவோடிரவாக எட்டடிக் கிடங்கு வெட்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. பின்பு நாங்கள் போய் அளந்தபோது படத்தில் எல்லாவற்றிலும் தெளிவாகத் தெரிந்தது அந்தக் கிடங்குதான். அதைச் சுற்றி இரண்டு பக்கமும் ஒரு சுவரின் கோடு வந்து கிடங்கின் விளிம்பில் முடிந்திருந்தது. நூற்றாண்டு நூற்றாண்டாக அடுக்கடுக்காகப் படிந்த மண் ஒரு இரவில் கலந்துபோனது, இனி எந்தக் கருவியாலும் பிரிக்க முடியாது. அந்தப் படத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

சட்டப்படியும் அது குற்றம். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி தொல்பொருள் தேடி நிலம் வெட்டத் தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும், அது சொந்தக் காணியாக இருந்தாலும். வேறு வேலைக்கு வெட்டும்போது தற்செயலாகக் கிடைத்தால் அறிவிக்க வேண்டும்.

இங்கே உங்கள் கோயில் சபையில் ஒருவர் எழும்பி, "திணைக்களத்துக்குச் சொன்னால் கோயிலையே எடுத்துவிடுவார்கள்" என்று சொல்லுவார். அந்தப் பயத்தை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். 2020 இல் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென்று ஜனாதிபதி செயலணி ஒன்றை அமைத்தபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. கன்னியா வெந்நீரூற்றுப் பிள்ளையார் கோயில் நிலத் தகராறில் என்ன நடந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். ஆனாலும் மறைத்து வெட்டுவது அந்தப் பயத்துக்கு மருந்தாகாது. மறைத்து வெட்டினால் சான்று அழிகிறது, அப்புறம் யார் என்ன சொன்னாலும் மறுக்கக் கையில் ஒன்றும் இராது. பல்கலைக்கழகத் துறை ஒன்றின் மூலம், எழுத்தில், முறையாக அளந்து, தரவின் ஒரு பிரதியைச் சபையின் பெட்டகத்தில் வைத்திருந்தால், அந்த நிலத்தில் அந்தத் தேதியில் என்ன கிடந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

கருவி மதம் சொல்லாது என்பதையும் சபையில் சொல்லிவிடுங்கள். செவ்வகமாக ஒரு அத்திவாரம் வந்தால் அது செவ்வக அத்திவாரம், அவ்வளவுதான். பெரியகுளத்துக்குப் பக்கத்தில் உள்ள வெல்கம் விகாரையைப் பாருங்கள். பௌத்த விகாரை, அங்கே கிடைத்த கல்வெட்டுகளில் சோழர் காலத் தமிழ் இருக்கிறது, அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயரும் இருக்கிறது. வெறும் அத்திவாரப் படத்தை மட்டும் பார்த்து அந்த இடத்தின் கதையை யாராவது சொல்லியிருக்க முடியுமா? எங்கள் மண்ணின் வரலாறு அவ்வளவு பின்னிக் கிடக்கிறது. எனக்கு அது பெருமை.

யாரிடம் போவது? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் கற்பிக்கிறார்கள். கிழக்கைப் பற்றித் தமிழில் பேசி விளங்கவைக்க அதுவே முதல் படி. களனிப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொல்லியல் பட்டப்பின் படிப்பு நிறுவனம் கொழும்பில் இருக்கிறது. பேராதனையில் புவிச்சரிதவியல் துறை இருக்கிறது. கருவி ஓரிடத்தில், அதைத் தொல்லியல் கண்ணோடு வாசிக்கத் தெரிந்தவர் இன்னோரிடத்தில் என்று அமைவது சகஜம்; இரண்டு பேரையும் ஒரே நாளில் உங்கள் வளவுக்கு வரவைப்பதுதான் சபையின் உண்மையான வேலை. ராடார் வைத்திருக்கும் தனியார் நிறுவனங்களைப் பிடித்தால், அவர்கள் பெரும்பாலும் வீதிக்கடியில் குழாயும் கேபிளும் தேடுகிறவர்கள் என்பதை நினைவில் வையுங்கள். குழாய் கண்டுபிடிக்க ஒன்றிரண்டு மீற்றருக்கு ஒரு வரி போதும். சுவருக்கு அது காணாது. கால் மீற்றர், மிஞ்சினால் அரை மீற்றர் என்று எழுத்தில் கேளுங்கள்.

செலவு நாள் கணக்கில் வரும். கருவி வாடகை, ஆட்கள், கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ வந்து போகும் செலவு, தங்குமிடம். அதற்கு மேல், காணியில் நின்ற ஒவ்வொரு நாளுக்கும் குறைந்தது ஒரு நாள் கணினிக்கு முன்னால் இருக்க வேண்டும். இதற்குக் காசு கேட்காதவர் அந்த வேலையைச் செய்ய மாட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். தங்குமிடமும் சாப்பாடும் நூல் பிடிக்க நாலு இளைஞர்களும் சபை கொடுத்தால் பாதிப் பாரம் குறையும்.

பேசும்போது ஒன்றை விட்டுக்கொடுக்காதீர்கள்: நிறம் தீட்டிய படம் மட்டும் போதாது, கருவியிலிருந்து இறங்கிய மூலத் தரவும் வேண்டும். கட்டத்தின் நாலு மூலையும் அசையாத எதற்காவது, மூலஸ்தானத்தின் மூலைக்கோ கிணற்றுக் கட்டுக்கோ, நாடா பிடித்து அளந்து எழுதியிருக்க வேண்டும். இது இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்துக் கிடங்கு வெட்ட நிற்கும்போது படத்தில் உள்ள சுவர் உங்கள் காலடியிலா, நாலடி தள்ளியா என்று யாருக்கும் தெரியாது. அளந்த படமும் அதிலிருந்து அவர்கள் ஊகித்துக் கீறிய படமும் இரண்டு வேறு தாளில் இருக்கட்டும்.

கையில் படம் வந்த பிறகு உங்கள் ஸ்தபதியையும் பொறியியலாளரையும் ஒரே மேசையில் இருத்துங்கள். பதினாறு தூணில் மூன்றோ நாலோதான் பழைய சுவரோடு முட்டும் என்று நினைக்கிறேன். மண்டபத்தை இரண்டு முழம் தள்ளினால் தப்புமா, அல்லது கிடங்குக்குப் பதில் அகலமான மேடை அத்திவாரம் போடலாமா என்று அவர்கள் சொல்லுவார்கள். படம் இல்லாமல் இந்தப் பேச்சையே தொடங்க முடியாது.

இப்போது எனக்குச் சில விவரம் வேண்டும். கிணறு வெட்டியபோது எத்தனை முழத்தில் தண்ணீர் கண்டது, அது நல்ல தண்ணீரா உவரா. மேல்மண் சிவப்பா, மணலா, ஒட்டும் களியா. வந்த செங்கல்லில் முழுதாக உள்ள ஒன்றைக் கழுவாமல், நீளம் அகலம் தடிப்பு மூன்றையும் நாடா பிடித்து எழுதி, பக்கத்தில் அடிக்கோல் வைத்து ஒரு படம். அது கோயிலின் எந்தப் பக்கத்தில், எத்தனை அடியில் வந்தது என்பது நினைவுள்ள ஆள் இருந்தால் அவரையே கேட்டு எழுதுங்கள். திருப்பணிக்கு முன் செய்யும் பாலஸ்தாபனத்துக்கு நாள் குறிக்குமுன் இவ்வளவும் அனுப்பினால், மாரி விட்டதும் நானே ஒரு நாள் வந்து வளவைச் சுற்றி நடந்து பார்க்கிறேன்.